நனையும் சுவர்

கடற்கரை வீட்டின் வெளிச்சுவரைச் செப்பனிடுவது தச்சருக்கும் வீட்டுக்காரருக்கும் உரிய வேலை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. மெய்யியலுக்கும் சமயத்துக்கும் அதில் இடமிருப்பதாக எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் பொருள்களின் நிலைபேறு, முழுமைக்கும் உறுப்புக்கும் உள்ள உறவு, அழியக்கூடியதைப் பேணுவதில் மனிதருக்குள்ள கடமை ஆகிய பழைய கேள்விகள் ஒருசேரச் சந்திக்கும் இடங்களில் அந்தச் சுவரும் ஒன்று. வட அமெரிக்காவின் மரவீடுகளில், சட்டகத்துக்கு வெளியே மழையையும் காற்றையும் ஏற்றுக்கொள்வதற்கென்றே தனியாக ஓர் உறை அறையப்படுகிறது. 'சைடிங்' என்று வழங்கும் இந்தப் புறப்பலகை வீட்டின் பாரத்தைத் தாங்குவதில்லை, கூரையைச் சுமப்பதில்லை, உள்ளே வாழ்பவரின் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. தான் கெட்டுப்போய், உள்ளிருக்கும் சட்டகத்தைக் கெடாமல் வைத்திருப்பதே அதன் வேலை. கெடுவதற்கென்றே வைக்கப்பட்ட ஒன்றைச் செப்பனிடும்போது காக்கப்படுவது எது, அந்தச் செப்பம் நிலைத்து நிற்க வேண்டும் என்று விரும்புவது முறையா என்பவை இக்கட்டுரை ஆராயும் கேள்விகள்.

கடற்கரையில் மரச்சுவர் கெடும் விதத்தை முதலில் சரியாக அறிந்துகொள்வது அவசியம், ஏனெனில் பின்வரும் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. உப்பு மரத்தைத் தின்றுவிடுகிறது என்ற பரவலான நம்பிக்கை பெரும்பாலும் தவறு. உப்பின் முதல் இரை மரமன்று, மரத்தைப் பிடித்திருக்கும் ஆணி. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறிச் சுவரில் படிந்து, நீர் உலர்ந்தபின் உப்பாக எஞ்சுகின்றன. அந்த உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போதெல்லாம் காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கரைவதால், மழை பெய்யாத நாளிலும் சுவரின் மேற்பரப்பு கசிந்துகொண்டே இருக்கிறது. இரும்பாணி அந்த ஈரத்தில் துருவேறுகிறது. துரு, தான் உருவான இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆணியைச் சுற்றியுள்ள மரத்தைப் பிளக்கிறது. சீடர் மரத்தின் துவர்ப்புப் பொருளோடு கலந்து கருங்கறையாக வழிகிறது. இதற்கிடையில் வெயிலின் புறஊதாக் கதிர்கள் மரநார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்க, காற்றோடு அடிக்கும் மழை தளர்ந்த நார்களைக் கழுவிக்கொண்டு போகிறது. இப்படித் தேய்வது மிக மெதுவான செயல். சீடர், பைன் போன்ற மென்மரங்களில் அது நூற்றாண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் அளவே என்று மர ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். உண்மையான கேடு தேய்வால் வருவதில்லை. பலகைக்குப் பின்னால் புகுந்து, வெளியேற வழியின்றித் தங்கிவிடும் நீரால் வருகிறது. மரத்திலுள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை எட்டி அங்கேயே நின்றுவிட்டால், பூஞ்சை பற்றி மரம் உளுத்துப்போகிறது. நனைந்து உலரும் மரம் தலைமுறைகள் கடந்து நிற்கும். நனைந்து உலராத மரம் சில ஆண்டுகளில் கையோடு உதிர்ந்துவிடும்.

இக்கேள்விகளை ஒரு குறிப்பிட்ட ஊரில் வைத்து ஆராய வேண்டுமானால், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த நான்டக்கெட் தீவைவிடப் பொருத்தமான இடம் அரிது. கேப் காட் தீபகற்பத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவில் அட்லான்டிக் கடலில் கிடக்கும் இத்தீவு வாம்பனோவாக் மக்களின் மண். 1659-ஐ ஒட்டி ஆங்கிலேயர் அங்கே குடியேறத் தொடங்கினர். பின்னர் திமிங்கில வேட்டையால் அது உலகப் புகழ் பெற்றது. வீடுகளின் சுவர்களை மூடியிருப்பது 'ஷிங்கிள்' எனப்படும் மரவோடு, அதாவது ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும் சீடர் மரச்சிம்பு. ஏறத்தாழ 16 அங்குல நீளமுள்ள ஓட்டில் 5 அங்குலம் மட்டுமே வெளியே தெரியுமாறு, ஒன்றன்மேல் ஒன்றாக மேவி வரிசை வரிசையாக அறைவதால், சுவரின் எந்தப் புள்ளியிலும் இரண்டு மூன்று அடுக்கு மரம் இருக்கும். சாயம் பூசாமல் விடப்படும் இந்த ஓடு சில ஆண்டுகளில் வெள்ளிச் சாம்பல் நிறம் அடைந்துவிடுகிறது. தீவு முழுவதும் அந்த நிறமாகவே காட்சியளிக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் இத்தீவின் வாழ்க்கையை ஆட்சி செய்த சமயம் குவேக்கர் சமயம். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் போதனையிலிருந்து எழுந்த இந்தக் கிறித்தவக் குழு, ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி நேரடியாக இயங்குகிறது என்று நம்பியதால், குருமாரையும் திருச்சடங்குகளையும் விலக்கி, மௌனமாகக் கூடியிருந்து வழிபட்டது. உடையிலும் பேச்சிலும் வீட்டிலும் பகட்டைத் தவிர்ப்பதைச் சமய ஒழுக்கமாகவே கொண்டது. நான்டக்கெட்டில் மேரி ஸ்டார்பக் என்னும் செல்வாக்குமிக்க பெண்மணி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நெறியை ஏற்றபின் அது வேகமாகப் பரவி, 1708-இல் முறையான சபையும் அமைந்தது. தீவின் சாம்பல் நிறச் சுவர்களைக் குவேக்கர் எளிமையின் அடையாளமாகக் காட்டும் வழக்கம் சுற்றுலா நூல்களில் உண்டு. அதை அப்படியே ஏற்பதற்கில்லை, ஏனெனில் குவேக்கர் அல்லாதார் வாழ்ந்த கேப் காட் கரையிலும் அதே ஓடுகள் அதே நிறத்தில் நின்றன. கடலோரத்தில் சாயம் பூசிக் கட்டுப்படியாகாது என்பதும் ஒரு காரணம். குவேக்கர் சிந்தனைக்கும் இந்தச் சுவருக்கும் உள்ள உறவு நிறத்தில் இல்லை. அது வேறோர் இடத்தில், இன்னும் ஆழமாக இருக்கிறது.

அந்த உறவுக்கு வருமுன், பழுதான ஓடு ஒன்றை மாற்றும் முறையை அருகிலிருந்து பார்க்க வேண்டும். அத்தகைய ஓட்டை நேராகப் பிடுங்க முடியாது, ஏனெனில் அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஆணிகளும் மேல்வரிசை ஓட்டின் அடியில் மறைந்திருக்கின்றன. ஆகையால் தச்சர் அடிவிளிம்பில் உளியை வைத்து நார்வாக்கில் அடித்து, ஓட்டைக் கீற்றுகளாகப் பிளந்து, ஒவ்வொரு கீற்றாக உருவி எடுக்கிறார். பிறகு, முனையில் கொக்கி வெட்டுள்ள தட்டையான நீண்ட இரும்புக் கருவியை மேல்வரிசைக்கு அடியில் செருகி, எஞ்சிய ஆணியில் மாட்டிக் கீழ்நோக்கித் தட்டி, ஆணியை இழுக்கிறார் அல்லது அறுக்கிறார். புதிய ஓட்டை இடைவெளியின் அகலத்தைவிடச் சற்றுக் குறுகலாகச் சீவுகிறார். மழையில் மரம் அகலவாக்கில் உப்பும் என்பதால், இடம் விடாவிட்டால் ஓடுகள் ஒன்றையொன்று நெட்டிப் புடைத்துக்கொள்ளும். அந்த ஓட்டை முழுதும் மேலே ஏற்றிவிடாமல், வரிசைக்குக் கால் அங்குலம் தாழத் தொங்கவிட்டு, மேல்வரிசையின் விளிம்பை ஒட்டினாற்போல் இரண்டு துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைச் சாய்வாக மேல்நோக்கி அறைகிறார். அதன்பின் ஓட்டின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்ட, ஓடு மேலேறி வரிசையில் பொருந்தும்போது ஆணித்தலைகளும் மேல்வரிசைக்குள் போய் மறைந்துவிடுகின்றன. சாம்பல் சுவரின் நடுவே அந்த ஓடு மட்டும் தேன் நிறத்தில் தனித்துத் தெரியும்; சில குளிர்காலங்கள் கடந்தபின் எது புதியது, எது பழையது என்று தச்சராலேயே சொல்ல இயலாது.

இப்படி ஒன்றொன்றாக மாற்றிக்கொண்டே வந்து, ஒரு காலத்தில் முதலில் அறையப்பட்ட ஓடு ஒன்றுகூட எஞ்சாத நிலை வரும்போது, அது அதே சுவர்தானா என்ற கேள்வி எழுகிறது. மேலை மெய்யியலில் இக்கேள்வி தீசியஸின் கப்பல் என்ற பெயரில் புகழ்பெற்றது. ஏதென்ஸ் நகரத்தார் தம் வீரன் தீசியஸ் திரும்பிவந்த முப்பது துடுப்புக் கப்பலைப் பேணி, உளுத்த பலகைகளை நீக்கிப் புதியன பொருத்திவந்ததாகவும், அதுபற்றித் தத்துவ அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டதாகவும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். 1655-இல் வெளிவந்த தம் நூலில் தாமஸ் ஹாப்ஸ் இதைக் கூர்மையாக்கி, நீக்கிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து அதே வரிசையில் இன்னொரு கப்பலாகக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்று கேட்டார். கப்பலைப் பொறுத்தவரை இது கடினமான புதிர். புறப்பலகையைப் பொறுத்தவரை இதில் கடினம் ஏதுமில்லை. பிடுங்கிப் போட்ட ஓடுகளின் குவியல் அடுப்புக்கோ குப்பைக்கோ போகிறது. அந்தக் குவியலே உண்மையான சுவர் என்று எவரும் உரிமை கொண்டாடுவதில்லை. புறப்பலகையின் இருப்பு அது நிற்கும் இடத்திலும் செய்யும் தொழிலிலும் அடங்கியிருப்பதால், தொழிலிலிருந்து விலகிய மரம் அந்தக் கணமே வெறும் மரமாகிவிடுகிறது. கப்பல் நினைவுச்சின்னமாக நின்றதால்தான் அதன் பழைய மரத்துக்கு மதிப்பு வந்தது. மழையைத் தாங்கும் சுவருக்கு அந்தப் பெருமை தேவைப்படுவதில்லை.

இதே கேள்வியை இந்தியத் தரிசனங்கள் கப்பலை விட்டு ஆடையையும் தேரையும் வைத்து ஆராய்ந்தன. அவற்றின் விடைகள் மேலை விடைகளைவிடக் கடுமையானவை. நியாய வைசேடிகர் உறுப்பை அவயவம் என்றும், உறுப்புகளால் ஆன முழுமையை அவயவி என்றும் அழைத்து, அவயவி தன் உறுப்புகளின் வெறும் கூட்டம் அன்று, அவற்றில் சமவாயம் என்னும் பிரிக்கவியலாத உறவால் தங்கும் தனிப்பொருள் என்று நிறுவினர். அக்கொள்கையிலிருந்து வியப்பான முடிவு ஒன்று பிறக்கிறது. ஓர் ஆடையிலிருந்து ஒரு நூலை உருவிவிட்டால், பழைய ஆடை அழிந்து, எஞ்சிய நூல்களால் ஆன புதிய ஆடை தோன்றுகிறது. 'இது அதே ஆடை' என்று மக்கள் சொல்வது ஒப்புமையால் எழும் வழக்கே ஆகும். இதைச் சுவருக்குப் பொருத்தினால், தச்சர் ஓட்டை உருவியபோது பழைய சுவர் அழிந்து, எஞ்சிய ஓடுகளால் ஆன இரண்டாவது சுவர் தோன்றியது. புதியதை அறைந்தபோது மூன்றாவது சுவர் தோன்றியது. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வைசேடிக வாதியும் தன் கொள்கையை எடுத்துரைக்கிறார் என்பது, இந்தப் பொருள் ஆராய்ச்சி தமிழ் நிலத்திலும் பயின்றிருந்ததைக் காட்டுகிறது. பொதுப்புத்திக்கு ஒவ்வாதது என்று இக்கொள்கையைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது ஓர் உண்மையை வேறெந்தக் கொள்கையையும்விட நேர்மையாக ஒப்புக்கொள்கிறது: செப்பனிடுபவர் பழையதைக் காப்பவர் மட்டும் அல்லர், ஒவ்வொரு முறையும் புதிய ஒன்றைப் படைப்பவர்.

பௌத்தர் இதற்கு எதிர்ப்புறம் நின்று, முழுமை என்ற தனிப்பொருளே கிடையாது என்றனர். கிரேக்க வமிச அரசன் மிலிந்தனுக்கும் துறவி நாகசேனருக்கும் நடந்த உரையாடலாக அமைந்த பாலி நூலில், அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல, அவற்றின் சேர்க்கைக்கு அப்பாலும் தேர் இல்லை, தேர் என்பது வழக்குப்பெயர் மட்டுமே என்று காட்டப்படுகிறது. பிற்காலத்துக் கணிகவாதம், அதாவது எப்பொருளும் கணத்துக்குக் கணம் அழிந்து தோன்றுகிறது என்னும் கொள்கை, இதை மேலும் நீட்டியது. பொருளின் தொடர்ச்சி என்று தோன்றுவது, முன்கணம் பின்கணத்துக்குக் காரணமாக அமையும் ஒரு தொடர் மட்டுமே. இந்தத் தொடரை அவர்கள் சந்தானம் என்றனர். சுவரைப் பொறுத்தவரை இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. அது நின்று யோசிக்கத்தக்கது. விதையிலிருந்து முளை வருவதுபோலப் பழைய ஓட்டிலிருந்து புதிய ஓடு வரவில்லை. புதிய ஓடு எங்கோ வேறொரு காட்டில் வளர்ந்த வேறொரு மரத்தின் துண்டு. அப்படியானால் பழைய ஓட்டையும் புதிய ஓட்டையும் ஒரே தொடரில் கோப்பது எது? பழைய ஓடு உளுத்தது. அதை ஒருவர் கண்டார். கண்டதனால் கவலை கொண்டார். கவலையால் செயல் எழுந்தது. செயலால் புதிய ஓடு அந்த இடத்துக்கு வந்தது. காரணகாரியச் சங்கிலி மரத்தின் வழியாகச் செல்லவில்லை. கவனிக்கும் மனத்தின் வழியாகச் செல்கிறது. மனித மனம் என்னும் இந்தக் கண்ணி அறுந்தால், எத்தனை உறுதியான மரமாயினும் சுவர் என்னும் தொடர் அங்கேயே முடிந்துவிடும். பௌத்த நூல்கள் இதைச் சுவரை வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வகுத்த தொடர்ச்சி என்னும் கருத்தைச் சுவரில் பொருத்தினால் கிடைக்கும் விடை இதுவே. இக்கட்டுரை ஏற்கும் விடையும் இதுவே.

சமணர் கணிகவாதத்தை மறுத்து எழுப்பிய தடை இந்த விடைக்கு வலுச் சேர்க்கிறது. உள்பொருள் எதுவாயினும் தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் ஒருங்கே உடையது என்பது அவர்கள் கொள்கை. ஒவ்வொரு கணமும் எல்லாம் அழிவதானால், வினை செய்தவன் ஒருவனாகவும் பயன் துய்ப்பவன் மற்றொருவனாகவும் ஆகி, அறம் என்பதே பொருளற்றுப் போகும் என்று அவர்கள் வாதிட்டனர். தமிழில் நீலகேசி பௌத்தரோடு நடத்தும் வாதங்களிலும் கணிகவாத மறுப்பு முக்கிய இடம் பெறுகிறது. கடற்கரைச் சுவரில் இத்தடை ஏட்டளவில் நிற்பதில்லை. இன்று அறையும் ஓடு முப்பது, நாற்பது ஆண்டுகள் நிற்கக்கூடியது. அதன் நிழலில் உறங்கப்போகிறவர் பெரும்பாலும் வேறு யாரோ. செய்பவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர் என்று சமணர் குறையாகக் காட்டியது, செப்பனிடும் தொழிலில் இயல்பான நிலை. அப்படியிருந்தும் அங்கே அறம் அழியாமல் இருப்பது ஏன் என்பதே சிந்திக்க வேண்டியது. தனக்குப் பயன்படாது என்று தெரிந்தும் ஆணி மறையும்படி பொருத்தும் தச்சரின் செயலில், செய்தவனுக்கே பயன் என்னும் கணக்கைத் தாண்டிய ஓர் அறம் இருக்கிறது.

இனி, செப்பம் நிலைத்து நிற்க வேண்டும் என்ற விருப்பத்தைப் பற்றிய இரண்டாவது கேள்வி. இதற்கு விடை தருபவை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நேர்ந்த இரண்டு பெருந்தோல்விகள். முதலாவது, வட கரோலினா மாநிலத்தின் கடலோர நகரமான வில்மிங்டனில் 1990-களின் நடுவில் வெளிப்பட்டது. செயற்கை ஸ்டக்கோ எனப்படும் புறவுறையில், நுரை அட்டையின்மேல் வலையும் பூச்சும் சேர்த்து, ஒரு துளி நீரும் உள்ளே புகாத ஒற்றைத் தோலாகச் சுவரை மூடுவார்கள். அந்தத் தோல் குறையற்றதாகவே இருந்தது. ஆனால் சாளரத்தின் ஓரத்திலும், கூரை சுவரோடு சேரும் இடத்திலும், மேல்தளம் இணையும் மூலையிலும் மயிரிழை அளவில் விரிசல் வராமல் எந்த வீடும் இருப்பதில்லை. அங்கே புகுந்த நீர், தோல் குறையற்றதாக இருந்த அதே காரணத்தால் வெளியேற முடியாமல் தங்கியது. கட்டிச் சில ஆண்டுகளே ஆன, வெளியே பார்க்கப் புத்தம் புதிதாக நின்ற வீடுகளின் உட்பலகைகள் ஈரச் சகதியாக உளுத்திருந்தன. கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே கதி நேர்ந்தது. பல குடும்பங்கள் தம் சேமிப்பை இழந்தன. மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பேரட் தலைமையில் 1998-இல் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அந்த அனுபவத்திலிருந்து கட்டடவியலார் கற்றுக்கொண்டது, சுவர் நீரைத் தடுத்தால் மட்டும் போதாது, தடுக்கத் தவறிய நீர் வடியவும் உலரவும் சுவருக்குள்ளேயே வழி இருக்க வேண்டும் என்பது. புறப்பலகைக்குப் பின்னால் ஒரு காற்றிடைவெளி விடும் இன்றைய வழக்கம் அதனால் பரவியது.

சீடர் ஓட்டுச் சுவர் இதைத் தொடக்கம் முதலே செய்துவந்தது. ஓடுகளுக்கு இடையே சந்துகள் உண்டு. காற்று வேகமாக அடித்தால் நீர் உள்ளே போகும். போன நீர் அதே சந்துகள் வழியாக வடியும், காற்றில் உலரும். தெரியாத கைகள் இந்தச் சுவரைச் செப்பனிடும்போது செய்யும் மிகப்பெரிய தவறு, நல்லெண்ணத்தோடு அந்தச் சந்துகளை அடைப்புப் பசையால் பூசி மூடுவது. அந்த மூடல் முதல் மழையில் வெற்றியாகத் தோன்றும். அடுத்த ஆண்டுகளில் ஓட்டின் பின்பக்கம் கருக்கத் தொடங்கும். பழைய செங்கற்சுவர்களில் மென்மையான சுண்ணச்சாந்துக்குப் பதிலாகக் கடினமான சிமென்ட் வைத்துப் பூசும்போதும் இதுவே நடக்கிறது. சாந்து நிற்கும், கல் உதிரும். செப்பம் தான் காப்பதைவிட வலுவாக இருக்கலாகாது என்பது மரபுக் கட்டடங்களைப் பேணுவோரிடையே நிலைபெற்ற விதி. ஒருமுறை சரிசெய்துவிட்டால் இனி ஒருபோதும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்ற ஆசையில் செய்யப்படும் செப்பமே வீட்டைக் கொல்கிறது.

குவேக்கர் சிந்தனை இந்த இடத்தில்தான் சுவரோடு உறவுகொள்கிறது. அவர்களின் இறையியலை முறைப்படுத்தி எழுதியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் பார்க்ளே. அவருடைய பெருநூல் 1676-இல் இலத்தீனிலும் 1678-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அதன் எட்டாம் கருத்துரை நிறைவு பற்றியது. இவ்வுலக வாழ்வில் எந்த மனிதரும் பாவத்திலிருந்து முழுதும் விடுபட முடியாது என்று கால்வினின் வழிவந்தோர் போதித்த காலத்தில், விடுபட முடியும் என்று பார்க்ளே துணிந்து சொன்னார். ஆனால் உடனே இரண்டு வரம்புகளை வைத்தார்: அந்த நிறைவு மேலும் வளரக்கூடியது, மனம் இடைவிடாது விழித்திருக்காவிட்டால் மீண்டும் தவறும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. ஒருமுறை அடைந்து பூட்டிவைக்கக்கூடிய உடைமையாக நிறைவை அவர் கருதவில்லை. விழிப்பு நீடிக்கும்வரை நீடிக்கும் ஒரு நிலையாகவே கருதினார். வில்மிங்டன் சுவரைக் கட்டியவர்கள் நிறைவைப் பூட்டிவைக்கலாம் என்று நம்பினார்கள். நீர் எப்படியும் புகும், சுவர் எப்படியும் கெடும் என்று கைவிடுவது மறுமுனை. பார்க்ளேயின் வழி இரண்டிலும் சேராது. சுவர் இன்று நலமாக இருக்கலாம், ஆனால் அந்த நலம் ஒவ்வொரு பருவத்திலும் யாரோ சுற்றிவந்து பார்ப்பதைச் சார்ந்தது. நான்டக்கெட்டின் தச்சர்கள் பார்க்ளேயைப் படித்துவிட்டு ஓடு அறைந்தார்கள் என்று இதற்குப் பொருளன்று. ஒரே ஊரில் ஒரே காலத்தில் நிலவிய ஒரு சமய ஒழுக்கமும் ஒரு கைத்தொழிலும் விழிப்பைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்திருந்தன என்பது மட்டுமே இங்கு கூறப்படுவது.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்பது பற்றி நடந்த பெரும் விவாதமும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. 1849-இல் ஜான் ரஸ்கின், பழைய கட்டடத்தை அதன் முந்தைய நிலைக்கு மீட்பதாகச் சொல்வது பொய் என்று கண்டித்தார். 1877-இல் வில்லியம் மோரிஸ் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், மீட்புக்குப் பதிலாக அன்றாடப் பேணலை வற்புறுத்தியது. ஒழுகும் கூரைக்கு அன்றே ஓடு மாற்றினால், நூறு ஆண்டுக்குப்பின் பெரும் மீட்பு தேவைப்படாது என்ற அவர்கள் வாதம் கடற்கரைச் சுவருக்கு முழுதும் பொருந்துகிறது. ஜப்பானின் ஈசே திருக்கோயில் இன்னொரு வழியைக் காட்டுகிறது; அங்கே 690 முதல், போர்க்காலத்தில் நேர்ந்த நீண்ட தடங்கல் நீங்கலாக, 20 ஆண்டுக்கு ஒருமுறை கோயில் முழுவதும் பக்கத்து மனையில் புதிதாகக் கட்டப்பட்டு, 62-ஆவது முறையாக 2013-இல் மூர்த்தம் புதிய கோயிலுக்கு இடம்மாற்றப்பட்டது. ஆகம மரபில் திருப்பணிக்கு முன் பாலாலயம் அமைப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. தெய்வ ஆற்றல் கும்பத்துக்கும் தற்காலிக உருவுக்கும் மாற்றப்பட்டபின்தான் கட்டடத்தில் கை வைக்கப்படுகிறது. இவ்விரு மரபுகளிலும், எது மாறாதது, எது மாறலாம் என்பது சடங்கால் முன்கூட்டியே பிரிக்கப்பட்டுவிடுகிறது. வீட்டுக்கு அந்த வசதி இல்லை. குடியிருப்பவர் உள்ளே இருக்க, அடுப்பு எரிய, ஓடு மாற்றப்படுகிறது. மாறாதது எது என்று எடுத்து வேறோர் இடத்தில் வைக்க அங்கே எதுவுமில்லை. ஆகவே வீட்டின் தொடர்ச்சி முழுவதும் பேணும் கைகளின் மேலேயே விழுகிறது.

இந்த முடிவுக்கு ஒரு நடைமுறை விளைவு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நான்டக்கெட் 1955-இல் சட்டத்தால் வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்தக் காப்பு தீவு முழுவதற்கும் விரிந்தது. எந்த வீட்டின் புறத்தோற்றத்தை மாற்றவும் அதற்கென அமைந்த ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். 1686-இல் கட்டப்பட்ட ஜெத்ரோ காஃபின் வீடு 1987-இல் இடி விழுந்து சிதைந்தபோது, அது மீண்டும் கவனமாகச் செப்பனிடப்பட்டது இத்தகைய அக்கறையின் விளைவு. ஆனால் அதே தீவில், வீட்டு விலை ஏறியதன் காரணமாக, ஓடு மாற்றும் தொழிலாளர்களில் பலர் அங்கே குடியிருக்க இயலாமல் கேப் காட்டிலிருந்து அன்றாடம் படகேறி வந்து திரும்புகின்றனர். சுவரின் தொடர்ச்சி மரத்தின் வழியாகச் செல்லவில்லை, கவனிப்பவரின் வழியாகச் செல்கிறது என்பது உண்மையானால், ஓட்டின் அளவையும் நிறத்தையும் காக்கும் சட்டம் அந்தக் கைகளுக்கு ஊரில் இடமில்லாமல் போவதைப் பாராமல் இருப்பது பாதி வீட்டை மட்டும் காப்பதாகும். இது பொருளாதாரக் குறை மட்டுமன்று. மெய்யியல் நோக்கிலும் குறையே. பார்த்துக்கொண்டிருப்பவர் மாலையில் தீவைவிட்டுப் போய்விட்டால், வடகிழக்குப் புயல் அடிக்கும் இரவில் சுவரைப் பார்த்துக்கொள்பவர் யார் என்ற கேள்விக்கு விடை இல்லை.

விழிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் இத்தீவே காட்டுகிறது. கிழக்குக் கரையில் சியாஸ்கான்செட் ஊரை ஒட்டிய மண்குன்றைக் கடல் தொடர்ந்து அரித்துவருவதால், 1850-இல் கட்டிய சாங்கட்டி கலங்கரை விளக்கத்தை 2007-இல் ஏறத்தாழ 400 அடி உள்ளே நகர்த்தி வைத்தனர். குன்றின் விளிம்பிலிருந்த வீடுகள் சிலவும் அவ்வாறே பெயர்க்கப்பட்டன. வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோவது அத்தீவுக்குப் புதிதன்று. முதல் குடியிருப்பின் துறைமுகம் மணலால் மூடிய பின், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இன்றைய ஊருக்கு வீடுகளை மாற்றியிருக்கின்றனர். நிலமே போய்க்கொண்டிருக்கும் இடத்தில் ஓடு மாற்றுவது வீண் என்று சிலர் கருதக்கூடும். சில ஆண்டுகளே நிற்கும் சுவரிலும் மழை புகத்தான் செய்யும், உள்ளே மனிதர் உறங்கத்தான் செய்வர் என்பதால், அந்த ஆண்டுகளுக்கு உரிய செப்பம் உரியதே. ஆனால் குன்றின் விளிம்பில் நின்று நாற்பது ஆண்டுக்கான சுவரை எழுப்புவது, வில்மிங்டனில் கண்ட அதே பிழையை வேறு வடிவில் செய்வதாகும். வீட்டை உள்ளே தள்ளுவதா, இருக்கும் இடத்திலேயே கடைசிவரை பேணுவதா என்பதைத் தச்சர் ஓட்டைத் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு குளிர்காலத்துக்குப் பின்னும் குன்றின் விளிம்பிலிருந்து அடித்தளம்வரை அளந்துபார்த்தே அதை முடிவு செய்ய வேண்டும்.